பேட்டரி வருவதற்குள் ஓடிய லாரி

பேட்டரி இல்லாமல், தள்ளவும் செய்யாமல் டீசல் லாரியை ஓட வைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். ஓய்வு பெற்ற கையோடு நான் வாங்கிய பழைய லாரி அது. நியாயமாக என்னைவிட அதற்குத்தான் முதலில் பென்ஷன் கொடுத்திருக்க வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் அது ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

மெக்கானிக் அவளுடைய தம்பி. மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட நம்பாமல், வெளியே போய்க் கையை நீட்டிப் பார்ப்பவன் அவன். பானெட்டுக்குள் தலையை விட்டு, டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான். சார்ஜ் போட்டிருந்த பேட்டரியை எடுத்துவர நான் ஷெட்டுக்குப் போனதை அவன் கவனிக்கவில்லை; கேபினில் இருப்பதாகவே நினைத்துக் குரல் கொடுத்தான்.

"செல்ஃப் அடிங்க அத்தான்."

எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுங்க."

உறுமியது.

"போதும், விடுங்க."

அடங்கிச் சீராக ஓடியது. பேட்டரியைச் சுமந்தபடி அவன் பின்னால் வந்து நின்றேன்.

"யாருப்பா உள்ள?"

என்னைப் பார்த்தான். பேட்டரியைப் பார்த்தான். இருவரும் கேபினுக்குள் எட்டிப் பார்த்தோம். இருக்கை காலியாக இருந்தது. கிளட்ச் மட்டும் தரையோடு அமுங்கியிருந்தது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"இந்த மனுஷன் சொல்றது நிஜமாடா?"

மச்சான் ஏற்கெனவே துடைத்துச் சுத்தமான கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நிஜந்தான்க்கா. சொன்னதெல்லாம் கேட்டுச்சு. இறங்கி வாங்கன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வரல."