பழுதில்லாத எஞ்சின்

நாமக்கல் பாதைக்கு மின்சாரம் வந்ததும் ஓய்வுபெற்ற டீசல் எஞ்சினுக்குச் சாயம் பூசி, நிலையத்தின் முன் காட்சிக்கு நிறுத்தினார்கள். அதை ஓட்டிய சின்னராஜுக்கு மாலை போட்டார்கள். ‘ஓட்டுநர் பிழையால் ஓர் உயிரும் போனதில்லை’ என்றது வரலாற்றுப் பலகை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூவாத்தாள் வந்தாள்.

“ஒம்பது வருசமாக் கேக்கறேனுங்க. பஸ்ஸுக்குப் போன எம்புள்ள, புதுச்சத்திரம் வளைவுல எதுக்குங்க சாமி ரயிலு முன்னால குதிச்சா? கடைசியா அவ மொகத்தப் பாத்தது நீங்கதானுங்களே!”

“மனசுல என்ன வருத்தமோ, தெரியலீங்க.”

“ஊட்டுல நான் திட்டுனதாலதானுங்க.”

அவள் எஞ்சினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சின்னராஜ் பலகையை மறுபடி படித்தார். அந்தப் பெண் குதித்ததாக எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால், ஹாரன் அடித்திருக்க வேண்டிய அந்த வளைவில், மோதிய சத்தம் கேட்டுத்தான் அவர் கண் விழித்தார்.