மாமிக்குச் சொன்னது

“‘அம்மா, நான் நல்ல சுகம்’ எண்டு சொல்லுறார், மாமி.”

இராசமலர் ஒரு கையால் சைக்கிள் பெடலைச் சுற்றியபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். ஸ்டாண்டில் நின்ற சைக்கிளின் டைனமோவிலிருந்து கசெற் றேடியோவுக்கு வயர் போனது. நீர்வேலியில் கரண்ட் நின்று மூன்று வருடம். சண்டை தொடங்கியதிலிருந்து ஆமி பற்றறியையும் ஊருக்குள் வர விடுவதில்லை.

எதிரே கதிரையில் இருந்த சின்னத்தங்கம் மருமகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காது மெசின் பற்றறி இல்லாமல் அலுமாரிக்குள் கிடந்தது. அது வேலை செய்த காலத்திலும் சத்தம்தான் கேட்கும். கதைக்கிறவரின் வாயைப் பார்த்தால்தான் சொல் விளங்கும். கசெற்றுக்கு வாய் ஏது?

ஜேர்மனியிலிருந்து மகன் தவநேசன் அனுப்பிய கசெற் அது. வந்து நாலு நாள். “இண்டைக்கு வேண்டாம், தலையிடிக்குது” என்று சின்னத்தங்கம்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்றைக்கு இராசமலருக்குப் பொறுமை போய்விட்டது.

“வேறை என்னவாம்?”

“சரியான குளிராம். வேலை கிடைச்சிட்டுதாம்.”

தவநேசனின் குரல் கொஞ்சம் நின்று, பிறகு வேகமாகப் பேசியது. இராசமலரின் கை தடுமாறியது. குரல் இழுபட்டு, தடித்து, அடங்கிப்போனது.

சைக்கிள் சில்லு நின்றுவிட்டது. அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

“வாற வருசம் எங்கள் ரண்டு பேரையும் கூப்பிடுவாராம். உங்களுக்குப் புது மெசின் பார்த்து வைச்சிருக்கிறாராம். அம்மாவைக் கவனமாய்ப் பாரும் எண்டு...”

கண் நிறைந்து வழிந்தது.

“ஏன் பிள்ளை அழுறாய்?”

“சந்தோசம், மாமி.”

சின்னத்தங்கம் எழுந்து அறைக்குள் போனாள். இராசமலர் அவசரமாக முகத்தைத் துடைத்தாள். ‘நான் இஞ்சை வேறை ஒருத்தியைக் கட்டியிட்டன். என்னை மறந்திடும்’ என்று அவன் சொன்னதை இந்த மனுசிக்கு எந்த வாயால் சொல்வது? இருப்பது ஒரே பிள்ளை. கேட்டால் உயிர் தங்குமா?

சின்னத்தங்கம் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. அதை மருமகளின் கையில் கொடுத்தாள்.

தவநேசனின் கையெழுத்து. திகதி ஏழு மாதம் பழையது.

‘அம்மா, நான் இஞ்சை வேறை கலியாணம் செய்திட்டன். மலருக்கு நீங்கள்தான் பக்குவமாய்ச் சொல்லவேணும்.’

இராசமலர் நிமிர்ந்தாள். உதடு என்னவோ கேட்க அசைந்தது. சின்னத்தங்கம் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னால் நீயும் போயிடுவாய் எண்டு பயந்திட்டன், பிள்ளை.”