தணிந்த குரலுக்கு மதிப்பெண்

இயக்குநர் குரலை உயர்த்தவில்லை.

சுவரோர நாற்காலியில் அமர்ந்திருந்த பயிற்றுநர் அதைக் குறித்துக்கொண்டார்.

நிறுவனத் தலைவர்களுக்குத் தலைமைப் பண்பு கற்பிப்பது அவர் தொழில். இருந்த வேலையை உதறிவிட்டு அவர் இதில் இறங்கியபோது உறவினர் அதற்குப் 'பேச்சுக்கடை' என்று பெயர் வைத்தனர். கடைக்கு வந்த முதல் பெரிய நிறுவனம் இது. உண்மையில், வந்த ஒரே நிறுவனமும் இதுதான்.

ஆறு மாதப் பயிற்சி பலித்ததா என்று அளந்து பார்க்கும் நாள் இன்று. அளவுகோலை வகுத்தவரும் அவரே. கசப்பான ஓர் உரையாடலை, ஒத்திகையாக அன்றி மெய்யாகவே, இயக்குநர் நடத்திக் காட்ட வேண்டும். பயிற்றுநர் அறைக்குள் இருந்தும் இல்லாதவராய் அமர்ந்து பார்க்க வேண்டும். வாய் திறக்கலாகாது; முகக்குறிப்பும் காட்டலாகாது.

கற்பித்தவரே அளக்கவும் செய்வது முறையா என்று யாரும் கேட்கவில்லை.

மதிப்பெண் நன்றாக வந்தால் மற்றக் கிளைகளின் தலைவர்களுக்கெல்லாம் இனி அவரே பயிற்றுநர். வராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பேசப்போவது யாரிடம் என்பதை இயக்குநர் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கிடங்கு மேலாளர் உள்ளே வந்தபோது பயிற்றுநரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"உக்காருங்க," என்றார் இயக்குநர்.

பழைய நாளாக இருந்தால், 'யோவ்' என்ற ஒற்றைச் சொல்லில் சன்னல் கண்ணாடி அதிர்ந்திருக்கும். தேநீர்க் கோப்பை சுவரில் மோதிச் சிதறியிருக்கும். 'இப்பவே வெளிய போ' என்ற முழக்கம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். பொழுது சாய்வதற்குள் அதே மனிதர் கிடங்கு வாசலில் தலை கவிழ்ந்து வந்து நிற்பார். எவர் முகத்தையும் பாராமல், 'போய் வேலையப் பாருய்யா' என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். அவர் மும்முறை வேலைநீக்கம் செய்தவர்தாம் அங்கே நிரந்தர ஊழியர் என்று ஒரு கேலி கூட வழங்கியது.

கோடை மேகம்போல் இடித்து, இடித்த வேகத்திலேயே நெகிழ்ந்து பொழிந்துவிடும் சினம் அது.

அதைத்தான் பயிற்றுநர் வேரோடு களைந்திருந்தார்.

மழையில் நனைந்து பாழான சரக்கைப் பற்றி மேலாளர் சொல்லச் சொல்ல, இயக்குநர் குறுக்கிடாமல் கேட்டார். சற்றே முன்சாய்ந்து, கண்ணோடு கண் நோக்கிக் கேட்டார். கேட்டு முடித்தபின், கேட்டதைப் பிழையின்றித் திருப்பியும் சொன்னார்.

"கூரை ஒழுகுதுன்னு நீங்க முன்னாடியே சொன்னீங்க, நாங்கதான் கவனிக்கல. அதானே சொல்ல வர்றீங்க?"

மேலாளரின் முகம் மலர்ந்தது. அவர் சொன்ன ஒன்று அந்த மேசையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது இதுவே முதன்முறை. பயிற்றுநர் முழு மதிப்பெண் இட்டார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றார் இயக்குநர். நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசுவது போன்ற குரல். "இத்தனை வருஷ உழைப்பையும் மதிக்கிறேன். ஆனா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

பயிற்றுநரின் நாவில் ஒரு சொல் புரண்டது. விதியை வகுத்தவர் அவரே. விழுங்கிக்கொண்டார்.

மேலாளர் தேநீர்க் கோப்பையையே பார்த்திருந்தார். அது பறக்கும் என்று எதிர்பார்த்தார் போலும். கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. தேநீரின்மேல் ஆடை படிந்திருந்தது.

"சாயங்காலம் கிடங்குப் பக்கம் வருவீங்களா சார்?"

இயக்குநர் மூன்று முறை மூச்சை இழுத்து விட்டார். அதுவும் கற்பிக்கப்பட்டதே, சொல் நாவுக்கு வருமுன் மூச்சால் அதை ஆற்றிவிட வேண்டும்.

"இல்லைங்க. நல்லா யோசிச்சுத்தான் முடிவெடுத்திருக்கேன்."

கோபத்தில் எடுத்த முடிவுக்கு ஒரு மாலைப்பொழுதாவது மிச்சமிருந்தது. அமைதியில் எடுத்ததற்கு அதுவும் இல்லை.

மேலாளர் எழுந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் மேசைக்கடியில் தள்ளினார். கதவின் பிடியில் கை வைத்தவர், இல்லாதவராய் அமர்ந்திருந்தவரின் பக்கம் திரும்பினார்.

"வர்றேன் மாப்ள. தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்காதீங்க. அதான் உங்களுக்கு நல்லா வருதே."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

பயிற்றுநர் தலை நிமிரவில்லை. 'கத்திக் கத்தி உங்க நெஞ்சுதான் கெட்டுப்போகுது சார். எங்க வீட்டு மாப்பிள்ளை இதுக்கெல்லாம் வழி சொல்வாரு' என்று இயக்குநரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவரை இந்த அறைக்கு முதன்முதலில் அழைத்து வந்தவர், அவர் மனைவியின் அண்ணனாகிய அந்தக் கிடங்கு மேலாளர்தாம்.

"உங்க மச்சான்னு தெரிஞ்சுதான் உங்களை உள்ள உக்கார வச்சேன்," என்றார் இயக்குநர், தணிந்த குரல் சற்றும் பிசகாமல். "ஒளிவுமறைவு கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எப்படி, சரியாப் பண்ணேனா?"

தாளில் ஒரே ஒரு கேள்வி எஞ்சியிருந்தது: எதிரே அமர்ந்தவர், தாம் மதிக்கப்பட்டதாக உணர்ந்தாரா?

அதை மட்டும் எதிரே அமர்ந்தவரிடமே கேட்டு நிரப்ப வேண்டும் என்பது விதி. படிக்கட்டில் செருப்போசை இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து கதவைத் திறந்து கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

பயிற்றுநர் ஐந்துக்கு ஐந்து என்று எழுதினார்.