பன்னிரண்டு வோல்ட் காற்று

நடுப்பகல். கூரை விசிறி மூன்று நாளாகச் செத்துத் தொங்க, உடம்பெல்லாம் வியர்க்குரு வெடித்த கைக்குழந்தை தொட்டிலில் கத்திக்கொண்டிருக்கிறது. பழைய கணினியிலிருந்து பிடுங்கிய உள்ளங்கையளவு விசிறியை ஏந்தியபடி அதன் அப்பாவான தலைமை எழுத்தர் சொற்பொழிவாற்றுகிறார். வாய் வலிக்காதா இந்த மனுஷனுக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் மனைவி. "மாமா, அது பன்னெண்டு வோல்ட்டு. சுவத்துல வர்றது இருநூத்து முப்பது. நடுவுல அடாப்டர் வேணும்," என்கிறான் அவள் தம்பி. "அதெல்லாம் மூளையில்லாதவனுக்கு விக்கிறதுடா. கரண்ட்டுல என்ன சின்னது, பெருசு?" இரண்டு வயர்களின் நுனியையும் பல்லால் உரித்து, சுவரிலுள்ள பிளக் துளைகளில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கிவிட்டு, வெற்றிப் புன்னகையோடு சுவிட்சைத் தட்டுகிறார். விசிறி வெடிக்கிறது. பிளாஸ்டிக் சில்லு கன்னத்தைக் கிழிக்க, தடுமாறிய கை உரித்த வயரில் விழுந்து அப்படியே இறுகிக்கொள்கிறது. பற்கள் கிட்டிக்கொள்கின்றன, கண்கள் மேலே செருகுகின்றன, சொற்பொழிவு ஒற்றை உறுமலாகிவிட்டது. மனைவி மர முக்காலியைத் தூக்கி அவர் முழங்கையில் ஓங்கி அடிக்கிறாள். எலும்பு முறியும் சத்தத்தோடு கை விடுபட, அவர் தரையில் சரிகிறார். தம்பி ஓடிப்போய் மெயினை அணைக்கிறான். ரத்தம் வழியும் வாய் மெல்லத் திறக்கிறது. "ஒரு சுத்து... சுத்துச்சுல்ல?" முக்காலி மறுபடி மேலே போகிறது. "அக்கா, போதும்! கரண்ட்ட அணைச்சாச்சு!" "தெரியும்டா," என்கிறாள் அவள், முக்காலியை இறக்காமலே.