ஒன்பதாவது கல்

தராசுத் தட்டில் எட்டு எடைக்கல். கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார்.

"ஒம்போது!" என்று கத்தினேன்.

அவர் கனைத்தால் நான் பொய் எடை சொல்ல வேண்டும். காலையில் கிடங்கைத் திறக்கும்போதுதான் சொன்னார். அதன் பிறகு என்னை விட்டு நகரவும் இல்லை. கணக்கு எழுதப் பழகும் மூன்று பையன்களுக்கும் இதுதான் கடைசிச் சோதனையாம். கல்லை எண்ணி எழுதுகிறவனுக்கு வேலை. காதில் விழுந்ததை எழுதுகிறவன் வாசலைப் பார்த்து நடக்கலாம்.

முப்பது வருடமாகத் தராசு பிடிக்கிறேன். ஒரு கல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. நல்லவன் என்பதால் அல்ல. மாட்டினால் முதுகுத் தோல் உரியும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்.

எடை சொல்கிறவனுக்கும் அதை எழுதுகிறவனுக்கும் உறவு இருக்கக்கூடாது என்பது துரை போட்ட சட்டம். இருந்தால் இரண்டு பேர் சீட்டும் கிழியும். சொந்தக்காரர்கள் கூடினால் மூட்டைக்குக் கால் முளைக்கும் என்று துரைக்குப் பயம். சரியான பயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

நெட்டையன் எழுந்து வந்தான். கல்லை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினான்.

தெத்துப்பல்லன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு இளித்தான்.

"என்ன பெரியவரே, காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா? எட்டுதானே இருக்கு!"

மூன்றாமவனை மற்ற இருவரும் ஊமைக்கோட்டான் என்பார்கள். இந்த ஆறு மாதத்தில் கிடங்குக்குள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தெத்துப்பல்லன் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுதி முடித்திருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. ஒன்பது. மை காய மணலும் தூவிவிட்டான்.

கணக்கப்பிள்ளை அவன் ஏட்டை எடுத்தார். மணலை ஊதினார். மூடினார். பையனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மத்த ரெண்டு பேரும் உன்னை நம்பல. இவன் மட்டும் ஏன்யா நம்புனான்?"

நான் தட்டிலிருந்த கற்களை இறக்கி வைத்தேன். எட்டுதான் இருந்தது.

யாரையும் நம்பாதே, யாரையும் நம்பாதே என்று சோற்றோடு சேர்த்து ஊட்டித்தான் அவனை வளர்த்தேன்.

என்னையும் சேர்த்து என்று சொல்ல விட்டுப்போயிற்று.