பனியில் நின்ற ராஜா

"தேவசகாயம், உங்க பாப்பரசர் மேல கேஸ் போட முடியுமாப்பா?"

தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையை நிமிர்த்தினேன். தெரு நாட்டாமை ஆதிகேசவன். பாப்பரசர் பம்பாய் வந்துபோனதிலிருந்து அவருக்கு என் தையல்கடையில்தான் பொழுது போகிறது.

"முடியாதுங்க. அவரை விசாரிக்க மேல கோர்ட்டே கிடையாது. அந்தக் காலத்துல ஒரு பாப்பரசர், எதிர்த்துப் பேசின ராஜாவையே தள்ளி வெச்சாரு. ராஜா கொட்டற பனியில, வெறுங்காலோட அவர் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டான்."

பிரசங்கத்தில் பாதித் தூக்கத்தில் கேட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

"அப்புறம்?"

"அப்புறம் அந்த ராஜாவே படையோட வந்து அவரைத் துரத்திட்டான்."

"அந்தப் பாதி வேணாம்பா. முதல் பாதி போதும்."

அன்று சாயந்திரமே, போன தெருக் கூட்டத்தில் தான் விட்ட குறட்டைக்குச் சிரித்த நெசவாளி சபாபதியை நாட்டாமை தள்ளி வைத்தார். தன் வாசலில் வந்து நிற்கும்வரை அவன் வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாதாம்.

தீக்குச்சி கிழித்துக் கொடுத்தவன் நான்.

சபாபதி தறியில் கல்யாணச் சேலை. கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, கரை நூல் ஓடும் ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அவன் மனைவியோ பிரசவத்துக்குத் தாய் வீட்டில். தை முகூர்த்தத்துக்குள் சேலை தறியிலிருந்து இறங்காவிட்டால், முதலாளி இனி அவனுக்குப் பட்டே கொடுக்கமாட்டார்.

"ஓடி வந்து நிப்பான் பாரு" என்றார் நாட்டாமை.

அவன் வரவில்லை. அவன் தறிச் சத்தம்தான் தினமும் வந்தது.

"ஒத்தை ஆளா எப்படிப்பா நெய்யறான்? எவனோ உள்ள போறான். வா, கையும் களவுமா புடிக்கிறேன்!"

"மழை தூறிக்கினு இருக்குதுங்க. நாளைக்குப் போலாமே. இன்னிக்கு மட்டும் வேணாங்க."

கேட்டால்தானே?

தறி இருக்கிற வீடு என்று செருப்பைத் தெருவிலேயே விட்டார். கதவைத் தள்ளினார். தள்ளியவர், மழையில் வெறுங்காலோடு சபாபதி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

தறியில் சபாபதி. பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்து நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது காந்தா. நாட்டாமையின் சம்சாரம்.

கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"வெளிச்சத்தை மறைக்காதீங்க. நேத்து தேவசகாயம் அண்ணன் கோணலா விட்டதைப் பிரிச்சுச் சரிபண்ணவே மத்தியானம் ஆயிடுச்சு. தெருவே முறை வெச்சு வந்துக்கினு இருக்குது. இன்னிக்கு நம்ம வூட்டு முறை."