பெயர் போட்ட நாற்காலி

2009. அமெரிக்க ஆர்டர்கள் நின்று, பொம்மசந்திரா தொழிற்சாலையில் பாதி மெஷின்கள் ஓடாத நேரத்தில் சூப்பர்வைசர்களுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி தொடங்கியது.

முதல் நாள் வகுப்பு முடிந்ததும் சூப்பர்வைசர் வைத்தீஸ்வரன், எச்.ஆர். மேனேஜர் தாரணியிடம் வந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றாமல் வைத்திருந்தார்.

“வருஷா வருஷம் கேட்பேன் மேடம். ட்ரெய்னிங்லாம் ஆஃபீசர்ங்களுக்கு மட்டும்தான்னுடுவாங்க. இன்னிக்குத்தான் என் பேர் போட்ட நாற்காலியில உக்காந்தேன்.”

தாரணி அவர் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தினாள்.

“ஒரு டீமை எப்படி நடத்தணும்னு கிளாஸ் எடுக்குற சார் என்னமா சொல்றாரு! வீட்ல என் சம்சாரம் பாமாகிட்ட பூராவும் சொல்லணும். இந்த அட்டையை எடுத்துட்டுப் போலாமா மேடம்?”

அதற்குமேல் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“சார்... வேலையை விட்டு அனுப்பப் போறவங்களுக்குத்தான் இந்த ட்ரெய்னிங். வெளிய வேலை தேடும்போது கையில ஒரு சர்டிஃபிகேட்டாவது இருக்கட்டும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“தெரியும் மேடம். கேன்டீன்ல போன வாரமே பேசிக்கிட்டாங்க” என்றார் வைத்தீஸ்வரன்.

அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“மீதி ரெண்டு நாள் கிளாஸ் நடக்கும்ல?”